பின்சீட்டில் இன்னொருவர்

14.11.1983, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பெட்ரோல் போதாமல் திணறிய எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். மோட்டார் மெக்கானிக் மாலை வகுப்பில் போன வாரம்தான் இந்தப் பாடம் நடந்தது.

பொறையாறு தாவூது அண்ணன் தன் அம்பாசடரில் மனைவி சஃபியாவைப் பிரசவத்துக்குக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சஃபியாவின் தாயார் அங்கே காத்திருந்தார். காரைக்காலில் வகுப்புக்குப் போகவேண்டிய நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். சஃபியா பின்சீட்டில் தனியாகப் படுத்திருந்தார். மழையில் பொழுது சீக்கிரமே மங்கிவிட்டது.

நண்டலாற்றுப் பாலம் ஏறும்போது எஞ்சின் இருமியது.

“மாலை காலேஜ் எஞ்சினியரே, இறங்கி வைத்தியம் பாருங்க” என்றார் அண்ணன்.

இறங்கி பிளக்குகளைத் துடைத்தேன். வண்டி கிளம்பியது. மண்டபத்தூர் தாண்டும் முன் மறுபடி திணறியது. அப்போதுதான் கவனித்தேன். ஆக்சிலேட்டரை அழுத்தினால் இருமுகிறது, காலை எடுத்தால் கொஞ்சம் தெளிகிறது. பிளக் கோளாறென்றால் இப்படி இருக்காது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை.

“அண்ணே, டேங்க்ல எவ்வளவு இருக்கு?”

“முள்ளு பாதியில நிக்குது பாரு.”

“முள்ளு வேலை செய்யுதா?”

அவர் மீட்டரை விரலால் தட்டினார்; முள் அசையவில்லை. இந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். பாலம் தாண்டினால் பாண்டிச்சேரி எல்லை, பெட்ரோல் விலை குறைவு. வீட்டிலிருந்து காலி டேங்கோடு புறப்பட்டு, காரைக்காலில் நிரப்புவார்கள்.

வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வயல். வெள்ளம் ரோட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“நான் ஓடிப்போய் கேன்ல வாங்கிட்டு வர்றேன்” என்று கைப்பிடியைத் திருகினேன்.

கதவு திறக்கவில்லை.

அண்ணன் தன் பக்கத்தில் தோளால் இடித்தார். அதுவும் திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. உள்ளே காற்று கனத்தது. டெட்டால் வாசனை வந்தது. நாங்கள் யாரும் டெட்டால் கொண்டுவரவில்லை.

“மச்சான், சும்மா இருங்க” என்றார் சஃபியா மெதுவாக. “அக்கா பயப்படுறாங்க.”

“எந்த அக்கா?”

“என் காலைத் தாங்கி உக்காந்திருக்காங்களே.”

நான் டிரைவருக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். சஃபியா மட்டும்தான் தெரிந்தார். ஆனால் அவர் கால்கள் சீட்டில் இல்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, எதன் மீதோ கிடந்தன.

“அவங்களுக்கும் வண்டி இங்கதான் நின்னுச்சாம். அவங்க வீட்டுக்காரரும் பெட்ரோல் காரைக்கால்ல போட்டுக்கலாம்னுதான் சொன்னாராம்.”

“யா அல்லா” என்றார் அண்ணன். போன மாதம் பாதி விலைக்கு வாங்கிய வண்டி இது. ஏன் பாதி விலை என்று அவர் கேட்கவில்லை.

சஃபியா வலியில் முனகினார்.

கூடவே இன்னொரு முனகல்.

“சாவியைத் திருப்பச் சொல்றாங்க, மச்சான்.”

அண்ணன் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்தது. ஒரு இருமல் இல்லை. பெட்ரோல் இல்லாத எஞ்சின் அப்படி ஓடாது. இதை நான் எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வண்டி தானாக நின்றது. கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன. அண்ணன் சஃபியாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

பெண் குழந்தை. இருவரும் நலம். அண்ணன் சுவரில் சாய்ந்து அழுதார்.

பார்க்கப் போனபோது சஃபியா என் பின்னால் வாசலைப் பார்த்தார்.

“தம்பி, அக்காவை ஏன் உள்ள கூட்டிட்டு வரல? அவங்களுக்கு இன்னும் வலி நிக்கல.”

நான் கேட்டுக்குப் போனேன். வண்டியின் கதவுகள் மறுபடி மூடியிருந்தன. காற்று இல்லை. பின்பக்க ஸ்பிரிங் மட்டும் கிறீச்சிட்டு, அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது.

நாளை வேலை: டேங்க்கை நிரப்ப வேண்டும். வண்டியைப் பிரசவ வார்டு வாசலுக்குக் கொண்டுபோய், பின்கதவைத் திறந்துவைக்க வேண்டும்.