அம்மாவின் ஒன்பது கட்சிக்காரர்கள்

என் அம்மா வக்கீல். ஆனால் அம்மாவின் கட்சிக்காரர்கள் யாருக்கும் பேச வராது.

சும்மா சொல்லவில்லை. போன வருடம் ஒரு கழுதைக்காக வாதாடினார். அதற்கு முன்னால், அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து துரத்தப் பார்த்த ஒரு பூனைக்காக. "விலங்குகளுக்கும் சட்டம் இருக்கு. ஆனா அதுங்களால கோர்ட்டுக்கு வந்து கேக்க முடியாதே. அதான் நான் கேக்கறேன்" என்பார்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் குண்டூசிக்கு இது பெரிய வேடிக்கை. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். அதனால்தான் அந்தப் பெயர்.

"ஏய், கேஸ் ஜெயிச்சா கழுதை உங்கம்மாவுக்கு நன்றி சொல்லுமா?"

"சொல்லாது. உதைக்கும். பக்கத்துல நின்னு சிரிக்கறவங்களையும் சேத்து உதைக்கும்" என்றேன். என்னிடமா!

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான் நீதிமன்றம். மாலையில் அம்மாவின் வேலை முடியும் வரை நான் சாமான் அறையில் காத்திருப்பேன். வழக்குகளில் பிடிபட்ட பொருட்களை எல்லாம் அங்கேதான் வைப்பார்கள். துருப்பிடித்த சைக்கிள், உடைந்த பூட்டு, ஒற்றைச் செருப்பு. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். அதன்மேல் சிவப்பு அரக்கில் முத்திரை இருக்கும்.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் முத்திரை மாமா. அவர் உண்மையான பெயர் அவருக்கே மறந்திருக்கும். எது வந்தாலும் பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்திவிடுவார்.

ஒருநாள் மாலை நான் உள்ளே நுழைந்தபோது அவர் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"பாப்பா, உள்ள வராதே! பை நடக்குது!"

நிஜமாகவே ஒரு துணிப்பை தரையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"மாமா, உள்ள என்ன வெச்சீங்க?"

"சான்றுப் பொருள்தான். ஆமை. ஒம்பது. ஒருத்தன் பெட்டிக்குள்ள, சாக்ஸுக்குள்ள சுத்தி எடுத்துட்டுப் போயிருக்கான், திருட்டுத்தனமா விக்க. மாட்டிக்கிட்டான்."

"அதுக்காக உயிரோட இருக்கற ஆமையைப் பையில போட்டுக் கட்டுவீங்களா?"

மாமா அசடு வழியக் கீழே இறங்கினார். "பழக்கதோஷம்" என்றார். நாங்கள் இருவருமாக முடிச்சுகளை அவிழ்த்தோம்.

அடேயப்பா, என்ன அழகு! ஒவ்வொன்றின் முதுகிலும் மஞ்சள் நட்சத்திரங்கள். அவற்றைப் பெரிய மரத்தட்டில் விட்டோம். தினமும் நான் கீரை கொண்டுவந்தேன். சீக்கிரமே ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்துவிட்டேன். நட்சத்திரம் ஒன்று வளைந்திருப்பது கோணல். கீரையைக் கண்டதும் ஓடி வருவது பறக்காவெட்டி. எப்போதும் ஓட்டுக்குள்ளேயே இருப்பது தூங்குமூஞ்சி.

அந்தத் தூங்குமூஞ்சி கீரையைத் தொடுவதை நிறுத்திவிட்டது. பிறகு இன்னொன்றும் நிறுத்தியது.

விலங்கு மருத்துவர் வந்து பார்த்தார். "இதுங்களுக்கு வெயில் வேணும், மண்ணு வேணும். வழக்கு முடியற வரைக்கும் இந்த இருட்டு அறையில வெச்சா பிழைக்காது" என்றார்.

"வழக்கு எப்போ முடியும்மா?"

அம்மா பெருமூச்சு விட்டார். "வருஷக்கணக்கா ஆகலாம், கண்ணு. அதான் இப்பவே காட்டுல விடச் சொல்லிக் கேக்கப் போறேன்."



விசாரணை நாளன்று தண்ணீர்த் தொட்டி பழுதென்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். அந்தத் தொட்டி நன்றாக இருக்கட்டும்! அம்மாவோடு போய் நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். முத்திரை மாமா ஒன்பது ஆமைகளையும் தட்டோடு தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார்.

அம்மா எழுந்து பேசினார். மருத்துவர் சொன்னதைச் சொன்னார். "ஒவ்வொரு ஆமையையும் படம் எடுத்திருக்கோம், ஐயா. சாட்சிக்கு அந்தப் படங்களே போதும்" என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். அவர் ஆமைகளைப் பெட்டியில் கடத்தியவனுக்காக வாதாடுபவர்.

"படத்தை வெச்சு என்ன பண்றது, ஐயா? நாளைக்கு ஏதோ ஒரு ஆமையோட படத்தைக் காட்டி, இதுதான் உன் பெட்டியில இருந்ததுன்னா? ஆமைன்னா ஆமை! எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். வேணும்னா ஓட்டுல துளை போட்டு, நம்பர் மாட்டி, சாமான் அறையிலயே வெச்சுக்கலாம்."

"ஓட்டுக்கும் வலி தெரியும், ஐயா" என்றார் அம்மா. "நம்ம நகத்துல துளை போட்டா எப்படி இருக்கும்?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வலி புரியுதும்மா. ஆனா அவர் கேக்கறதுலயும் நியாயம் இருக்கே. எது எதுன்னு எப்படி அடையாளம் சொல்றது?"

"ஒரே மாதிரி இல்லவே இல்ல!"

யாரடா அது என்று எல்லோரும் திரும்பினார்கள். நான்தான். என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

"யாரு இந்தப் பொண்ணு?" என்றார் நீதிபதி.

அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நிமிர்ந்து நின்று, "என் பொண்ணு, ஐயா" என்றார். அவர் சொன்ன விதத்தில் என் பயம் பாதி பறந்துவிட்டது.

"எங்கே, முன்னாடி வா. இது எது, சொல்லு பாப்போம்." நீதிபதி ஒரு படத்தை நீட்டினார்.

"இது பறக்காவெட்டி, ஐயா. கழுத்துப் பக்கம் ரெண்டு நட்சத்திரம் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க." தட்டிலிருந்த பறக்காவெட்டியைத் தொட்டுக் காட்டினேன். அடுத்த படத்தைக் காட்டினார். அதையும் சொன்னேன். ஒன்பதையும் சொன்னேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "தினமும் கூட விளையாடற குழந்தை, ஐயா. அதுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதும் சரிதான். நான் மட்டும் கண்டுபிடித்தால் போதாது.

"அப்போ நான் வேண்டாம், ஐயா. நீங்க இதுங்களைப் பாத்ததே இல்லையே. நீங்க கண்டுபிடிங்க" என்றேன்.

முத்திரை மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதிக்கே பரீட்சை வைப்பதா!

நீதிபதி சிரித்துவிட்டார். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து தட்டின் முன் குனிந்தார். இரண்டு ஆமைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் விரல் தவறான ஆமையை நோக்கி நகர்ந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன். நான் சொன்னால் எல்லாம் கெட்டுவிடும்.

எதிர்த்தரப்பு வக்கீலும் ஆவல் தாங்காமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அது இல்லைங்க! இதோ ஓரமா நிக்குதே, இது! நடு நட்சத்திரம் வளைஞ்சிருக்கு பாருங்க, படத்துலயும் அப்படியே..."

பாதியில் நின்றுபோனார்.

அறை முழுவதும் சிரிப்பு வெடித்தது.

"எல்லா ஆமையும் ஒரே மாதிரின்னு சொன்னது யாரு, வக்கீல் சார்?" என்றார் நீதிபதி.

வக்கீல் பிடரியைச் சொறிந்தார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், நல்ல கண் அவருக்கு.

நீதிபதி இருக்கைக்குத் திரும்பினார். "படங்க கோர்ட்ல இருக்கட்டும். ஆமைங்க காட்டுல இருக்கட்டும்" என்று உத்தரவு சொன்னார்.

மறுநாளே காட்டு ஓரத்துக்குப் போனோம். குண்டூசியையும் கூட்டிப்போனேன். முத்திரை மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு, தட்டை மடியில் வைத்தபடி வந்தார்.

ஆமைகளைப் புல்லில் விட்டோம். பறக்காவெட்டி முதல் ஆளாகக் கிளம்பியது. கோணல் பின்னால் போனது. தூங்குமூஞ்சி மட்டும் ஓட்டுக்குள்ளேயே இருந்தது. வெயில் முதுகில் படப்படத் தலை மெல்ல வெளியே வந்தது. ஒரு புல்லைக் கடித்தது. இன்னொரு புல்லைக் கடித்தது. பிறகு அதுவும் விறுவிறுவென்று புதருக்குள் போய்விட்டது.

"ஏய், வக்கீலம்மாவுக்கு ஃபீஸ் யாரு குடுப்பா?" என்று கத்தினார் முத்திரை மாமா.

"திரும்பிக்கூடப் பாக்கல பாரு!" என்றாள் குண்டூசி.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க கட்சிக்காரங்க அப்படித்தான்" என்றேன் குண்டூசியிடம். "கேஸ் ஜெயிச்சா திரும்பியே பாக்க மாட்டாங்க."