செவிக்குப் பூஜ்யம்

தன் வீட்டுப் பின்னறைக் கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது, எதிரில் அகாரா என்னும் பயறு வடை சுட்டு விற்கும் கனேங் வந்து சொல்லித்தான் தாவூவுக்குத் தெரிந்தது.

ஹர்மத்தான் காற்று அடித்துக்கொண்டிருந்த மத்தியானம் அது. பாலைவனத்திலிருந்து கிளம்பிவந்த புழுதி புகுரு ஊர் முழுவதையும் மாவு சலித்ததுபோல மூடியிருந்தது. சூரியன் வெளுத்துப்போன தட்டாகத் தொங்கியது. எவ்வளவு சாத்தினாலும் ஜன்னல் இடுக்கு வழியாகப் புழுதி உள்ளே வந்தது. கணினி மேஜையில், தரையில், தண்ணீர்க் குவளையின் விளிம்பில், அவன் உதட்டில்கூடப் படிந்தது. கனேங் மாவுக் கையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய், பின்னாடி ரூமுல யாரை வெச்சிருக்கே? காலையிலேர்ந்து தட்டறாங்க. எண்ணெய்ச் சட்டி பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்குது."

"யாரும் இல்லக்கா. பூட்டித்தான் கெடக்கு."

"பூட்டிக் கெடந்தா, உள்ள இருக்கறவன் தட்டத்தானே செய்வான்?"

அவன் காதைத் தீட்டினான். தகரக் கூரையில் காற்று உரசியது. அவள் கடை ஜெனரேட்டர் இருமியது. எங்கோ ஓர் ஆடு கத்தியது. தட்டும் சத்தம் மட்டும் இல்லை. நாள் முழுக்க எண்ணெய்ப் புகையைக் குடிக்கிறவளுக்கு எது கேட்டால்தான் என்ன என்று எண்ணி அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் போகவில்லை. வந்த காரியம் அது மட்டுமல்ல என்று அவனுக்குத் தெரியும்.

திரையில் ‘சாம்பல் கோட்டை’ விரிந்திருந்தது. துணைவன் ஒருவனோடு சேர்ந்து ஆடும்படி செய்யப்பட்ட கடினமான ஆட்டம் அது. ஆளின் பலம், வேகம், புத்தி, பேச்சு, செவி என்று ஐந்து குணங்களுக்குப் புள்ளிகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டத்தில் இறங்க முடியும். எதற்கு எவ்வளவு என்று முடிவு செய்வதை ஆடுகிறவர்கள் வார்ப்பு என்பார்கள். துணையில்லாமல், ஒரே உயிரில், செத்தால் எல்லாம் அழிந்துபோகும் கடைசிப் படித்தரத்தில் இதை முடித்தவர் உலகத்தில் எவரும் இல்லை. தாவூ இப்போது கடைசி வாசலின் முன்னால் நின்றான்.

தனியாக ஆட எந்த வார்ப்பு நல்லது என்று லாகோஸிலிருந்தும் அக்ராவிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ அவனிடம் கேட்பார்கள். அவன் பதில் எழுதுவான், ஆனால் எழுதும்போதே அவன் உதடு கோணிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் குழம்பு ஊற்றுவதுபோல எல்லாவற்றுக்கும் சமமாக ஊற்றுகிற கூட்டம் ஒன்று. பெரிய வாளைத் தூக்கிக்கொண்டு முதல் பள்ளத்திலேயே விழுந்து சாகிற மாடுகள் இன்னொன்று. எல்லாரையும்விடக் கேவலம், வைத்தியன் வார்ப்பை எடுப்பவர்கள். யாருமே கூட வராத பயணத்தில் அவர்கள் யாருக்கு மருந்து போடப்போகிறார்கள்? ஒன்றை வளர்க்க வேண்டுமானால் இன்னொன்றைக் கொல்ல வேண்டும் என்ற எளிய கணக்கு இவர்கள் மண்டையில் ஏறுவதே இல்லை.

தாவூ கொன்றது செவியை. கேடய மந்திரமும் நெருப்பும் உள்ளவனுக்குப் பின்னால் வருகிற காலடியைக் கேட்டு என்ன ஆகவேண்டும்? செவிக்குப் பூஜ்யம் போட்டு, மிச்சம் பிடித்ததையெல்லாம் புத்தியில் கொட்டினான். செவி எவ்வளவோ அவ்வளவுதான் அந்த ஆட்டமும் ஒலிக்கும். அவனுக்கு அது அநேகமாக ஊமைப் படமாகவே ஓடியது. சந்தையில் ஜனங்கள் வாயை வாயைத் திறந்தார்கள். நிம்மதி என்றுதான் அவன் நினைத்தான்.

இன்னொரு தந்திரமும் இருந்தது. அதை அவன் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் துணைவனை முதல் ஊர்ச் சத்திரத்திலேயே அனுப்பிவிட்டுத் தனியாகப் போவார்கள். துணைவன் சாகாமலும், ஆடுகிற தலைவனின் குரல் எட்டாத இடத்திலும் இருந்தால், அவனுக்கு ஊற வேண்டிய வலிமை தலைவனுக்கு ஊறும் என்று தாவூ கண்டுபிடித்தான். கோட்டைக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. துணைவனை அங்கே கூட்டிப்போய், கவசத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வெளியே வந்து தாழைப் போட்டான். உள்ளே இருப்பவன் பசியில் சாகமாட்டான். ஆட்டத்தில் அப்படி ஒரு சாவு எழுதப்படவில்லை.

அந்தத் துணைவனை வார்த்தவன் டாச்சுங். கனேங்கின் தம்பி. இந்த வீட்டுப் பின்னறையில்தான் குடியிருந்தான். பைக்கிலிருந்து விழுந்ததில் இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். அதே நடையைத் தன் ஆளுக்கும் கொடுத்தான், அதே பெயரையும் வைத்தான், புள்ளிகளில் பாதியைச் செவிக்குப் போட்டான். "யாராவது ஒருத்தன் கேட்டுட்டு வரணும்ல" என்பது அவன் சொன்ன காரணம். தாவூ வெகுநேரம் சிரித்தான். பிறகு ஒருநாள் நிலவறையின் தாழ் விழுந்தபோது டாச்சுங் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். கோபப்படவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, "அவன் உள்ள இருக்கான்டா" என்றான். அடுத்த வாரம் காய்ச்சல் என்று பார்க்கின் லாடியில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. தாவூ பின்னறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினான்.

ஜன்னலில் நின்ற கனேங் அதைத்தான் பேச வந்திருந்தாள். டாச்சுங் சாப்பிடுவதில்லை; ஜோஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தும் நோய் என்னவென்று தெரியவில்லை; நாளுக்கு நாள் உடம்பு வற்றிக்கொண்டே போகிறது; சுவரைத் தட்டித் தட்டிக் கை முட்டியெல்லாம் புண்ணாகிவிட்டது. இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். கையிலிருந்த மாவு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"என்னை உள்ள போட்டுத் தாழ் போட்டுட்டான், தாவூவைத் தொறக்கச் சொல்லுங்கறான். அந்த விளையாட்டுல ஏதோ பண்ணினியாமே நீ."

"அது வெறும் பொம்மைக்கா."

"பொம்மைதான். நானும் நம்பலை. நம்பினா இந்நேரம் பாஸ்டரைக் கூட்டிட்டு வந்திருப்பேன், உன்கிட்ட வந்து நிக்கமாட்டேன். பொம்மைக் கதவுதானே, தொறந்து விடேன் ஓகா, பெரிய முதலாளி. உன் முதுகு முறிஞ்சா போயிடும்?"

முறியும் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? தாழைத் திறந்த கணமே துணைவன் வந்து சேர்ந்துகொள்வான். தனியாக முடித்தவன் என்ற பட்டம் போய்விடும். ஊறிய வலிமை திரும்பிப் போகும். கடைசி வாசலில் காத்திருக்கும் அரக்கன் அவனை ஒரே அடியில் சாய்த்துவிடுவான். ஒரு காய்ச்சல்காரனின் உளறலுக்காகவா? "சரிக்கா, திறந்துடறேன்" என்று சொல்லி அவளை அனுப்பினான். போகிறபோது அவள் ஒருமுறை வீட்டின் பின்பக்கம் பார்த்தாள். ஏதோ சொன்னாள்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

புழுதிதான் காதை அடைத்துவிட்டது என்று அவன் முடிவு செய்தான். கடலை எண்ணெயைச் சூடாக்கி இரண்டு சொட்டு விட்டுக்கொண்டான். தலையைச் சாய்த்தபடி ஜன்னல் வழியே பார்த்தபோது, எதிர்க்கடையில் கனேங் மாவை உருட்டிச் சட்டியில் போடுவது தெரிந்தது. எண்ணெய் நுரைத்துப் பொங்கியது. கருகிய வெங்காய வாசனைகூட மூக்குவரை வந்தது. ஆனால் அந்தச் சுரீர் என்ற ஓசை வரவில்லை. ஜெனரேட்டர் தன் கால்களில் நின்று நடுங்கியது, கரும்புகை கக்கியது, ஊமையாக. ஆடு கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூடியது. தகரக் கூரையின் ஒரு மூலை காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது. எழுந்து விழுந்த அந்தத் தகரத்துக்கும் அவனுக்கும் நடுவே யாரோ கம்பளியைத் திணித்து வைத்திருந்தார்கள்.

கையைத் தட்டிப் பார்த்தான். உள்ளங்கை எரிந்தது. அவ்வளவுதான்.

தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான். தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

பயம் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். டாக்டரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆட்டத்துக்குக் காது வேண்டாம். அப்படி வார்த்ததே அவன்தானே.

கடைசி வாசலைத் திறந்தான். அரக்கன் எழுந்தான். தாவூவின் விரல்கள் தாமாகவே ஓடின: கேடயம், நெருப்பு, ஒதுங்கல், மறுபடி நெருப்பு. வெளியே வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேஜை அவன் கண்ணில் பட்டது.

மேஜைமேல் படிந்திருந்த புழுதி குதித்தது.

அடங்கியது. பிறகு மூன்று தரம் குதித்தது. குவளைத் தண்ணீரில் வட்டம் விரிந்தது. மறுபடி மூன்று தரம்.

அவன் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு எழுந்தான். பின்னறைக்குப் போகும் நடையில் சாவி ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னறைக் கதவின் முன் நின்றான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் துள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துள்ளலுக்கும் நிலைப்படியின் மேலிருந்து புழுதி ஒரு திரையாக உதிர்ந்து அவன் கால்விரல்களில் விழுந்தது. அவன் உள்ளங்கையைக் கதவில் வைத்தான். மரத்தின் அந்தப் பக்கம், அவன் கைக்கு நேராக, ஒரு முட்டி இடித்தது. பொறுமையாக. களைத்துப்போன ஒருவன் தட்டுவதுபோல.

சாவி கையில் இருந்தது. திரையில் தாழும் இருந்தது. நிலவறைக்குத் திரும்பிப் போக இன்னும் வழி இருந்தது.

பட்டம் ஒன்று. அவ்வளவுதான் போகும்.

புள்ளிகளில் பாதியைக் காதுக்குப் போட்ட மடையன், என்று அவன் நினைத்தான். சின்ன வயதிலிருந்தே யாராவது கூட வரவேண்டும் இவனுக்கு. யாராவது கையைப் பிடிக்க வேண்டும். இவனுக்காக நான் விட்டுக்கொடுப்பதா? அந்த எண்ணம் சூடாக இருந்தது, பயத்தைச் சற்றே உலர்த்தியது. சாவியை மறுபடி ஆணியில் மாட்டினான். இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை மாட்டினான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். நெருப்பு. ஒதுங்கல். நெருப்பு. அரக்கன் மண்டியிட்டான். அவன் இதுவரை சேர்த்த வலிமை முழுவதையும் திரட்டி ஒரே வீச்சாக வீசினான். அது போதவில்லை. வேறெங்கிருந்தோ இன்னும் கொஞ்சம் வந்தது. கடைசிச் சொட்டுவரை. அரக்கன் சரிந்தான்.

திரையில் பொன்னெழுத்து மலர்ந்தது. தனியாக முடித்தவர்: தாவூ. அதன் கீழே, இத்தனை காலமும் துணைவன் பெயர் மங்கலாகத் தெரிந்த இடம் காலியாக இருந்தது.

மேஜைப் புழுதி அசையவில்லை. தண்ணீர் தெளிந்திருந்தது.

அவன் சிரிக்கப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே, எதிர்க்கடையில், கனேங் காதில் கைபேசியோடு நின்றிருந்தாள். நின்றபடியே மெல்லச் சரிந்து புழுதியில் உட்கார்ந்தாள். அவள் வாய் திறந்தது. முழுதாகத் திறந்தது. மூடவே இல்லை. தெருவில் போனவர்கள் எல்லாரும் அவளை நோக்கி ஓடிவந்தார்கள். சட்டியில் அகாராக்கள் கறுத்துக்கொண்டிருந்தன.

ஒரு சத்தமும் இல்லை.

ஜெனரேட்டரை யாரோ அணைத்திருக்க வேண்டும். எதிர்க்கடை விளக்கு போனது. அவன் திரையும் போனது. அங்கிருந்துதான் அவனுக்கும் மின்சாரம்.

கறுத்த கண்ணாடியில் அவன் முகம். தோளுக்குப் பின்னால் இருட்டிய அறை. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சம் தரையில் விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

புழுதியில் அவன் பாதங்கள் நடைக்குப் போயிருந்தன. திரும்பி வந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு தடம். வலது பாதம் தெளிவாக. இடது பாதம் ஒரு கோடாக, இழுபட்டு. பின்னறைக் கதவின் அடியிலிருந்து தொடங்கியது. கதவு மூடியிருந்தது. பூட்டு தொங்கியது.

தடம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

திரும்பிப் போகவில்லை.

அவன் நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்தான். கண்ணாடியில் அவன் முகம் மட்டும். இடது காதின் பக்கத்தில், குளிர்ந்த கண்ணாடியின் மேல், ஒரு சின்ன வட்டமாக மூச்சின் ஈரம் படிந்தது. மறைந்தது. படிந்தது. காது மடலில் வெதுவெதுப்பு. ஒரு சொல்லின் நீளம். சிறு இடைவெளி. இன்னொரு சொல்லின் நீளம். கோபமில்லாத மூச்சு.

யாரோ அவனிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடியில் ஈரம் படிந்தது. மறைந்தது. படிந்தது.