பஞ்சு இல்லாத அறையில நக்குற சத்தம்

நான் அப்ஹாம், வயசு இருவத்திமூணு, தோஹாவுல வேலக் கேம்ப் ரூமுல இரிந்து வாயால சொல்லித்தான் இத எழுதுறன். குடும்பக் குறூப்புல என்னப் பார்த்துச் சிரிச்ச பெரிய மனிசர் எல்லாரும் முழுசா வாசிங்க.

காத்தான்குடி ஆத்தங்கரையில நம்மட ஊடு. உம்மா மக்காவுக்கு உம்றா போயிட்டா. என்ட அக்கா, ஸுஹைனா ராத்தா, பெத்த புள்ளயோட நாப்பது நாள் இரிக்கிற அறைக்கு நான்தான் கெமரா வாங்கி அனுப்பின. மொதல்ல கண்ணுல பட்டது பஞ்சு, நம்மட வெள்ளப் பூன. தொட்டிலுக்குக் கீழ படுத்து, வயித்துல ஒரே இடத்த நக்கிக்கிட்டே கிடந்திச்சி. சறக், சறக். ஈரச் சுவத்துல தேங்காச் சிரட்டையத் தேய்க்கிற மாதிரி, ஹெட்செட்டக் கழட்டின பொறகும் காதுக்குள்ள விடாமக் கேட்ட சத்தம். மூணாம் நாள் வயித்துல முடியில்ல. அஞ்சாம் நாள் தொட செவந்து தண்ணி கசிஞ்சிது. ஆனா தொட்டிலுக்குக் கீழால அது அசையல்ல.

றம்ஸீன் மச்சானுக்குக் கோல் எடுத்தன். ராத்தாட மாப்புள, நம்மட ஊட்டுக் கதிரையில நாலு வரிசமாச் சாஞ்சி கிடந்து உலகத்துக்கே வைத்தியம் சொல்ற ஆள்.

"தெள்ளுப் பூச்சிக் கடிடா. பூனைக்கும் டொக்டரா? ஒனக்குத்தான் வேணும்."

மிருக வைத்தியர்ட்ட நானே கதைச்சன். "தெள்ளா இரிக்கலாம், சாப்பாடா இரிக்கலாம். பயத்துலயும் பூன இப்பிடி நக்கும். கொண்டு வாங்க" எண்டாரு.

பயம் எண்டதுக்கு மச்சான் வயித்தப் புடிச்சிச் சிரிச்சாரு. ராத்தாக்குக் காய்ச்சின எண்ணெய எடுத்துப் பூனையில பூசினாரு, அந்தப் பேரறிஞர். பூன அதையும் நக்கிச்சி. மறுகா சாக்குல கட்டி, மோட்டர்சைக்கிள்ள கொண்டு போய் ஆத்துக்கு அங்கால உட்டுட்டு, "பிரச்சின முடிஞ்சி" எண்டு குறூப்புல போட்டாரு. நீங்களும் ஆளுக்கொரு பெருவிரல் லைக் போட்டீங்க.

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்குப் பொறகு கெமராவத் திறந்தன். பட்டப்பகல். சாம்பிராணிப் புகைக்குள்ள ஜன்னல் வெளிச்சம். பூன இல்ல.

சறக், சறக்.

தொட்டிலுக்குக் கீழ. வெறுந்தர. ஒரு இடம் மட்டும் ஈரம்.

"காத்தாடிச் சத்தம்டா" எண்டாரு மச்சான். தலைக்கு மேல காத்தாடி சுத்தவே இல்ல.

மறுநாள் சத்தம் நிண்டிட்டு. ராத்தா தொட்டிலுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு, தன்ட மணிக்கட்ட நக்கிக்கிட்டு இரிந்தா. தோல் உரிஞ்சி கிடந்திச்சி.

"கடிக்குதா ராத்தா?"

"இல்ல தம்பி. நான் செஞ்சா அது செய்யாது."

அதையும் மச்சானுக்குச் சொன்னன். "பெத்த பொம்புள, நித்திர இல்ல" எண்டாரு. இண்டைக்கு அவட ரெண்டு கையிலயும் துணியச் சுத்திக் கட்டி, நித்திரக் குளிசையும் குடுத்திட்டாராம். பெருமையா வொய்ஸ் போட்டாரு.

இப்ப ராத்தா நித்திர. அசைவே இல்ல.

சறக். சறக்.

கீழ இல்ல. தொட்டிலுக்குள்ள.

புள்ள சிரிக்குது. தலமாட்டுப் பக்கம் தொட்டில்சீல நனைஞ்சி ஒட்டுது. சீலைக்குள்ள ஒண்டு மேல போகுது. கீழ வருது. அகலம். புள்ளட முகத்தளவு.

மச்சானுக்கு ஒம்பது தரம் எடுத்திட்டன். பெருவிரல் ஒண்டு வந்திச்சி.

நபீஸா சாச்சி, நீங்கதான் பக்கத்து ஊடு. கதவத் தட்டிக்கிட்டு நிக்காதீங்க. போய்ப் புள்ளயத் தூக்குங்க.