தெப்பத்தில் நின்ற மந்திரவாதி

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபதுக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஓர் அட்டைப்பெட்டியோடு காப்பீட்டக்கா வீட்டுக்கு வந்தார்.

"ஒரு சாவு விஷயமா வந்திருக்கேன்," என்றார்.

காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம் விதிகளைப் படித்துத் தீர்ப்புச் சொன்னதால் அவளுக்குத் தெருவில் காப்பீட்டக்கா என்று பெயர். அவள் நிமிர்வதற்குள் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துவிட்டார். அவருக்குச் சாவு என்றால் உயிர்.

"யாரு?"

"ஒரு மந்திரவாதி. விளையாட்டுல."

கணவரின் முகம் தொங்கிப்போனது.

கடைக்காரர் விளக்கினார். ஞாயிறுதோறும் கடை மாடியில் மூவரும் கதை விளையாட்டு ஆடுவார்கள்; அவர் கதையை நடத்துவார். தம்பி மந்திரவாதி, தங்கை வில்லாளி. என்ன நடக்கும் என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வார்கள்; விதியில் சந்தேகம் வந்தால் அவர் தீர்ப்புச் சொல்வார்.

"கல்லுறைன்னு ஒரு மந்திரம். போட்டவன் நின்ன இடத்தை விட்டு நகராத வரைக்கும் எதுவும் அவனைத் தொடாது. தம்பி தெப்பத்துல நின்னு போட்டான். ஆறு தெப்பத்தை இழுத்துட்டுப் போச்சு. கரையை வச்சுப் பார்த்தா நகர்ந்துட்டான். தெப்பத்தை வச்சுப் பார்த்தா நகரலை. நான் கரைன்னேன். நெருப்பு அம்பு பட்டுச் செத்தான்."

"அப்புறம்?"

"எழுந்து போனவன் ரெண்டு வாரமா வரலை. நான்தான் விரட்டிட்டேன்னு தங்கச்சி படியேற மாட்டேங்குறா. அப்பா போனப்புறம் மூணு பேரும் ஒண்ணா உட்கார்றது அந்த மேஜையில மட்டும்தான்க்கா. நான் சொன்னது சரியா, தப்பா?"

அவள் பெட்டியைத் திறந்தாள். பகடைகள், வரைபடம், மந்திரவாதியின் பலமும் பொருட்களும் தம்பி எழுதிவைத்த தாள், ஒரு தீர்ப்பு நோட்டு. தகராறான விதியை ஒருமுறை முடிவு செய்தால் நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்திடுவார்கள். பிறகு அதுதான் சட்டம்.

"ஏம்மா, இவரே ஒரு பக்கத்தைக் கிழிச்சிருந்தா?" என்று கணவர் கிசுகிசுத்தார்.

"அவரு எதிர்லதாங்க உட்கார்ந்திருக்காரு."

நாலு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் அவள் விரல் நின்றது. 'ஓடும் வண்டியில் நின்று கல்லுறை போட்டால் வண்டியே இடம். மந்திரம் செல்லும்.'

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "மறந்தே போச்சே. தங்கச்சிக்கும் ஞாபகம் இல்லை."

"அப்போ நீங்க சொன்னது தப்பு. மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுது," என்றார் கணவர்.

"இருங்க. இது யாரு எழுத்து?"

"தம்பியோடது. விதிப்புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவன்."

"அன்னைக்கு அவரு என்ன சொன்னாரு?"

கடைக்காரர் யோசித்தார். "வாயே திறக்கலை."

அவள் மந்திரவாதியின் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். கீழே தேநீர்க் கறை. அதில் நீல மையில் ஒரு வரி: 'கோல், மோதிரம், குதிரை, எல்லாம் வில்லாளிக்கு.'

"தேநீர் எப்போ கொட்டுச்சு?"

"தெப்பத்துல ஏறினப்போ. சண்டைக்கு முன்னாடி. என் கைதான் பட்டுச்சு."

"நாளைக்கு ரெண்டு பேரையும் வரச்சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

மறுநாள் கடை மாடியில் தங்கை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி கதவருகிலேயே நின்றான்.

"இந்த வரியில மை கரைஞ்சிருக்கு," என்றாள் காப்பீட்டக்கா. "காய்ஞ்ச கறை மேல எழுதினா கரையாது. எழுதினப்புறம்தான் தேநீர் கொட்டியிருக்கு. அதாவது சண்டைக்கு முன்னாடியே ஒருத்தர் உயில் எழுதிட்டாரு. தன்னைக் காப்பாத்தற தீர்ப்பும் அவர் கையால எழுதினதுதான். அதையும் சொல்லலை."

"அப்போ கொலையில்லையா?" என்றார் கணவர்.

"இல்லைங்க. சாகறதுக்குன்னே வந்திருக்காரு. இவங்க ரெண்டு வாரமா கரையா தெப்பமான்னு அடிச்சுக்கிட்டாங்க. நின்ன ஆளை யாரும் பார்க்கலை."

தங்கையின் கைகள் அவிழ்ந்தன. "என்னடா இது?"

தம்பி தரையைப் பார்த்தான். "வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. ஒண்ணாந்தேதி சேரணும்."

"சொல்ல வாய் இல்லையா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? அண்ணன் சாப்பிடாது, நீ அழுவே. செத்தவனைப் போகாதேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

கணவர் எதையோ கேட்க வாயெடுத்தார். அவள் அவர் கையைத் தொட்டாள்.

கடைக்காரர் நோட்டை இழுத்து, நின்றபடியே ஒரு வரி எழுதினார். கையெழுத்திட்டுத் தங்கையிடம் தள்ளினார். அவளும் போட்டாள். பிறகு எழுதியதைப் படித்தபடி பேனாவைத் தம்பியிடம் நீட்டினார்.

"மந்திரவாதி சாகலை. தெப்பம்தான் போச்சு. அவன் நின்ன இடத்துலயேதான் நிக்கிறான். போடு கையெழுத்தை. எந்த ரயிலுடா?"