டக்ட் துடைக்க வந்த பிணம்!

"வீ...ல்ல்ல்!"

வெர்னாவின் கையிலிருந்த காபிக் கோப்பை நழுவி, அடித்தளத்துச் சிமென்ட் தரையில் சிதறியது.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருந்த அறைக்குள் ராட்சச வேக்குவம் மெஷின் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சாம்பல் நிற ஓவரால் போட்ட, டக்ட் துடைக்க வந்த இளைஞன் ட்ரென்ட் குப்புறக் கிடந்தான்.

நெற்றிக்குக் கீழே... ரத்தம்!

"என்னடி சத்தம்?"

திரும்பினாள். நாற்பத்தோரு வருடமாகப் பார்த்துச் சலித்த முகம். கணவன் ரெய்னோ லாஹ்தி. ஆனால் அவன் கையில்...

முழ நீளத்துக்கு ஒரு பைப் ரெஞ்ச்!

"நீ... நீ என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"நானா? நீ என்ன பண்ணே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் டுலூத் நகரம். ஜனவரி. காலை பதினொன்றரை. வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி.

எல்லாம் முந்தைய நாள் வந்த ஒரு போன் காலில் ஆரம்பித்தது.

"மேடம், உங்க வீட்டு டக்டைக் கடைசியா எப்போ க்ளீன் பண்ணீங்க?"

தேன் குரல். சூடான காற்றை அறை அறையாகக் கொண்டுபோகும் தகரக் குழாய்களுக்குள் என்னென்ன குடியிருக்கும் என்று அந்தக் குரல் பட்டியல் போட்டது. தூசு... பூஞ்சை... செத்த எலி...

"தலைவலி இருக்கா மேடம்?"

வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருந்தது! மூன்று வாரமாக மண்டையைப் பிளந்தது. வயிற்றைப் புரட்டியது. ரெய்னோவும் பட்டப்பகலில் சோபாவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அது அவனுடைய பரம்பரைக் குணம் என்று விட்டிருந்தாள்.

"சுத்தப் பித்தலாட்டம்!" ரெய்னோ காற்று வரும் கம்பித் தட்டியை விரலால் துடைத்துக் காட்டினான். "பாரு, சாதா தூசு. துணியால துடைச்சா போச்சு. இதுக்கு ஒருத்தன் வரணுமா?"

"மேல துடைச்சா உள்ள இருக்கிறது போயிடுமா? உன் காதையும் அப்படித்தான் துடைக்கிறே. நான் சொல்றது எது உள்ள போகுது?"

"நாப்பத்தோரு வருஷமா இதே காத்துதான். செத்தா போயிட்டேன்?"

"எனக்கு அந்த லக் எங்க?"

அந்தக் குரல் சொன்னபடி ஒரு ஆள் இலவசமாக வந்து சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சமரசம் ஆயிற்று.

மறுநாள் காலை ட்ரென்ட் வந்தான். குழாய்க்குள் கேமராவை விட்டான். டேப்லட்டைத் திருப்பிக் காட்டினான்.

கரிய பூஞ்சை... அடை அடையாக!

"ஐயோ! இதையா மூக்குல இழுத்துட்டு இருந்தோம்?"

ரெய்னோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தான். "தம்பி, எங்க வீட்டுக் குழாய் வட்டம். இது சதுரமா இருக்கே?"

"உள்ள போகப் போக ஷேப் மாறும் சார்."

"மாறுமா? அப்ப உன் மண்டையையும் உள்ள விடு. சதுரமா வருதான்னு பார்க்கலாம்!"

"யோவ், சும்மா இரு!" வெர்னா ட்ரென்ட் பக்கம் திரும்பினாள். "நீ ஆரம்பிப்பா."

"அவன் மட்டும் கீழ இறங்கட்டும்... ரெஞ்சாலயே மண்டையைப் பொளக்கறேன்!" என்று ரெய்னோ கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

அந்த வார்த்தைகள்தான் இப்போது வெர்னாவின் காதில் ரீங்காரமிட்டன.

ட்ரென்டின் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இருந்தது. மெல்லிசாக...

அவசர உதவி எண் நைன் ஒன் ஒன்னுக்குப் போன் செய்தாள். தலையில் அடிபட்டவனை அசைக்க வேண்டாம் என்றார்கள்.

மூன்றே நிமிடத்தில் போலீஸ். சார்ஜென்ட் கொலீன். முப்பத்தைந்து வயது, ஆறடி உயரம், பூட்ஸில் பனி. வேக்குவம் மெஷினை நிறுத்தினாள். ட்ரென்டின் நாடியைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் பனி வாரும் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாக ரேடியோ சொன்னது.

இருவரையும் படிக்கட்டின் அடியில் நிற்க வைத்தாள்.

"மிஸ்டர் லாஹ்தி, கையில என்ன?"

"சானா ரூம்ல, அதான் நீராவிக் குளியல் அறையில, குழாய் ஒழுகுது. அதுக்கு எடுத்தேன்."

"சானா ரூம் எங்க?"

"இதோ... பக்கத்து அறை."

"ஓஹோ..."

வெர்னா ரெஞ்சையும் ரெய்னோவையும் மாறி மாறிப் பார்த்தாள். முசுடுதான். பிடிவாதம்தான். ஆனால் ஒரு எலிப்பொறி வைக்கக்கூட மனசு வராதவன். இந்த வயதில் ஜெயிலா?

"அவர் காலையிலேர்ந்து என் கூடவே இருந்தார் சார்ஜென்ட்!" என்றாள். "கிச்சன்ல. என் கண்ணு முன்னாடியே!"

பச்சைப் பொய்! அவன் அரை மணி நேரமாகக் கண்ணிலேயே படவில்லை.

ரெய்னோ திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். ஃப்ரீசரில் இருந்து மீன் எடுக்க அவள் கீழே வந்ததை அவன் பார்த்திருந்தான். ஏமாற்றுக்காரன் என்று தெரிந்து இவளே ஒரு போடு போட்டுவிட்டாளோ?

"ஆமா ஆமா! இவளும் என் கூடவேதான். நான் இவளையேதான் பார்த்துட்டு இருந்தேன்!"

கொலீன் ஒற்றைப் புருவத்தை உயர்த்தினாள்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"நாப்பத்தொண்ணு."

"காலையிலேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டே இருந்தீங்க? இதை எந்த ஜட்ஜ் நம்புவார்?"

வெர்னாவின் கை தானாகப் போய் ரெய்னோவின் முழங்கையைப் பிடித்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு!

"சார்ஜென்ட்... நான்தான் அடிச்சேன்" என்றான் ரெய்னோ திடீரென்று.

"பொய்! நான்தான்!" என்றாள் வெர்னா.

கொலீன் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டாள். இறங்கி வந்ததிலிருந்து அவளுக்கும் தலை வலித்தது. இவர்கள் பேச்சால் என்று நினைத்தாள்.

மேலே கதவு திறந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் பையோடு படியில் இறங்கினார்கள். பாதிப் படிதான் இறங்கியிருப்பார்கள்...

பீப்! பீப்! பீப்! பீப்!

பையில் மாட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டி வெறிபிடித்தது போல் கத்தியது. முன்னால் வந்தவன் முகம் வெளுத்தது.

"கார்பன் மோனாக்சைடு! எல்லாரும் வெளிய! ஓடுங்க!"

இரண்டு பேர் ட்ரென்டைத் தூக்க, கொலீன் கிழவனையும் கிழவியையும் ஆளுக்கொரு கையில் பிடித்து இழுக்க...

அடுத்த நிமிடம் அத்தனை பேரும் பனிக்குள் நின்றார்கள். வெர்னாவின் காலில் ஒற்றைச் செருப்பு. ரெய்னோ கையில் இன்னும் அந்த ரெஞ்ச்!

ஆக்ஸிஜன் ஏறியதும் ட்ரென்ட் கண் திறந்தான்.

"யாருடா உன்னை அடிச்சது?" என்றாள் கொலீன்.

"யாரும் இல்ல மேடம்... தலை சுத்துச்சு... விழுந்துட்டேன்..."

"கீழ என்ன வேலை பார்த்தே?"

"வேலையா? சத்தம் கேக்கட்டும்னு மெஷினை ஓடவிட்டுட்டு... கதவைச் சாத்திட்டு... போன்ல கேம் ஆடிட்டு இருந்தேன்."

அவனுடைய டேப்லட்டை கொலீன் புரட்டினாள். ஒரே ஒரு பூஞ்சை வீடியோ. பதினொரு வீட்டு விலாசம். பதினொரு வீட்டுக்கும் அதே வீடியோ!

பெல்ட்டிலிருந்து கைவிலங்கை எடுத்து, ஸ்ட்ரெச்சர் கம்பியோடு அவன் மணிக்கட்டைப் பூட்டினாள். க்ளிக்!

தீயணைப்பு அதிகாரி முகமூடியைக் கழற்றியபடி வெளியே வந்தார்.

"ஃபர்னஸ் உள்ள விரிசல் விட்டிருக்கு. விஷக் காத்து கொஞ்சம் கொஞ்சமா வீடு பூரா கசிஞ்சிருக்கு. இவன் அந்தச் சின்ன ரூமைச் சாத்திட்டு வேக்குவம் போட்டானா... புகைக்குழாயில போக வேண்டியதெல்லாம் திரும்பி ரூமுக்குள்ளயே வந்துடுச்சு. இவன் இன்னிக்கு விழலைன்னா, இன்னும் ரெண்டு நாள்ல நீங்க ரெண்டு பேரும்..."



வெர்னாவின் கண்கள் கலங்கின. ஏமாற்ற வந்தவன் காப்பாற்றிவிட்டுப் போகிறான்!

"அப்ப... டக்ட்?" என்றாள் ஈனஸ்வரத்தில்.

"அதுக்கு என்ன? பூஞ்சையும் இல்ல, எலியும் இல்ல. அதைத் தொடவே வேணாம்."

"நான்தான் சொன்னேனே!" ரெய்னோ நெஞ்சை நிமிர்த்தினான். "இந்த வீட்ல என் பேச்சை யாரு கேக்குறா?"

அதிகாரி பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளை வட்டப் பெட்டியை எடுத்தார்.

"இது உங்க பெட்ரூம் வாசல்ல மாட்டியிருந்த அலாரம். இதே விஷக் காத்துக்குத்தான். இது உங்களை மூணு வாரம் முன்னாடியே எழுப்பி வெளிய அனுப்பியிருக்கணும்."

பின்பக்கத்தைத் திறந்து காட்டினார்.

காலி!

"பேட்டரி எங்க?"

ரெய்னோ பனியை ரொம்ப அக்கறையாக ஆராய ஆரம்பித்தான்.

"ரெய்னோ...?"

"அது... புது வருஷத்தன்னிக்கு ஹாக்கி மேட்ச் நடுவுல கீங் கீங்னு ஒரே கத்தல்... கோல் போடற நேரம் வெர்னா!"

"பேட்டரி எங்கய்யா?"

"டி.வி. ரிமோட்ல."

ட்ரென்ட்கூட ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தான்.

வெர்னா மெல்லக் கொலீன் பக்கம் திரும்பினாள்.

"சார்ஜென்ட்... வண்டியில இன்னொரு ஜோடி விலங்கு இருக்கா?"