விதிச் சாவியின் மூடி

காலை 10.05. பெட்டியைத் திறந்த தலைவி அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார். சாவியைக் காணோம். அதன் மூடி மட்டும் உள்ளே கிடந்தது.

பூட்டைத் திறக்கிற சாவி இல்லை அது. கட்டைவிரல் அளவுக் கருவி. கம்ப்யூட்டரில் சொருகினால்தான் ‘நிரல் மேடை’ என்கிற பொது சாஃப்ட்வேருக்குப் புது விதி போட முடியும். ஆஸ்பத்திரி மருந்து பம்ப் முதல் தெருவிளக்கு வரை அந்த மேடையில்தான் ஓடுகின்றன. இதுவரை விதி போட்டது, மேடையை உருவாக்கிய கம்பெனி. இனிமேல் பயன்படுத்துகிறவர்களின் குழு போடட்டும் என்று வருஷக்கணக்காக அலைந்து, ஒப்பந்தம் வாங்கியவர் அந்தக் குழுவின் தலைவி. பகல் பன்னிரண்டுக்குள் சாவி கைமாறாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. பாடுபட்டதெல்லாம் பாழ்.

10.20. இன்ஸ்பெக்டரம்மா ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். கூட்ட அறையில் மூன்று பேர்: தலைவி, சாவி கொண்டுவந்த கம்பெனி வக்கீல், ப்ரொஜெக்டரையும் மைக்கையும் பார்த்துக்கொண்ட தலைவியின் தம்பி. எல்லோருக்கும் அவர் ‘தாடி’.

"அறையில தனியா இருந்தது யாரு?"

"ஆளுக்கொரு தடவை மூணு பேருமே இருந்தோம்," என்றார் வக்கீல்.

"பெட்டியை எத்தனை மணிக்குத் திறக்கறதா ஏற்பாடு?"

"பதினொண்ணு," என்றார் தலைவி. "எனக்குப் பொறுக்கல. திறந்துட்டேன்."

பையை உதறினார்கள், பாக்கெட்டைத் தடவினார்கள், குப்பைத்தொட்டியைக்கூடக் கவிழ்த்தாயிற்று. கான்ஸ்டபிள் மேஜைக்கடியில் குனிந்தபோது தாடி பதறினார். "ஒயரை அசைக்காதீங்க சார், படம் போயிடும்." சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேற யாரு எடுப்பா? தொலைஞ்சா லாபம் கம்பெனிக்குத்தானே," என்று பொருமினார் தலைவி.

இன்ஸ்பெக்டரம்மா மூடியை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார்.

10.40. "ஒளிச்சு வைக்க எடுத்தவன் மூடியோட எடுத்திருப்பான்," என்றார் நிதானமாக. "மூடியைக் கழட்டினவன் சொருக எடுத்திருக்கான். வக்கீல் சாருக்கு அது தேவையே இல்ல. நேத்துவரைக்கும் சாவி அவங்க கையிலதான் இருந்தது. எந்த விதி வேணும்னாலும் போட்டிருக்கலாம்."

"அப்போ நானா?" என்றார் தலைவி.

"உள்ள சாவி இல்லைன்னு தெரிஞ்சவங்க ஒரு மணி நேரம் முன்னாடியே பெட்டியைத் திறந்து ஊரைக் கூட்ட மாட்டாங்க. பதினோரு மணிக்குள்ள திருப்பி வெச்சிடலாம்னு நினைச்ச ஆளை நீங்க கெடுத்துட்டீங்க. நாங்களும் ஒளிச்சு வைக்கிற இடமா தேடினோமே தவிர, அது வேலை செய்யற இடத்தைப் பார்க்கல. தாடி சார், அந்த ஒயரை இப்போ அசைக்கலாமா?"

தாடியின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

தலைவி தானே மண்டியிட்டு மேஜைக்கடியில் போனார். கம்ப்யூட்டரின் பின்பக்கம், ஒயர்க்கூட்டத்துக்குள் சாவி பச்சை விளக்கோடு மினுங்கியது.

"எடுக்காதக்கா, இன்னும் பத்தே நிமிஷம். விதி ஏறி முடிஞ்சிடும்," என்று கெஞ்சினார் தாடி. "ஆஸ்பத்திரி பம்ப் மருந்தைக் கூடுதலா விடுது, அதைத் தடுக்க விதி போடுங்கன்னு மூணு தடவை குழுவில சொன்னேன். சோதனை சோதனைன்னு இழுத்தடிச்சீங்க."

"அந்த விதியால பழைய பம்ப்பெல்லாம் ஒரேயடியா நின்னுபோனா? அதைப் பார்க்கத்தானேடா ரெண்டு மாசம் கேட்டோம்."

"நான் சொன்னது தப்பாக்கா?"

"தப்புன்னு யாருமே சொல்லல. ஆனா யாரையும் கேக்காம நீயா போட்டா, இந்தக் கம்பெனிக்காரங்களை எதுக்குடா நான் இத்தனை நாள் எதிர்த்தேன்?"

தலைவி சாவியைப் பிடுங்கினார். திரையில் விதி பாதியில் நின்றது.

11.10. கையெழுத்து முடிந்து சாவி குழுவிடம் வந்தது. வக்கீல் பேனாவை மூடிக்கொண்டே இளித்தார். "வீட்டு விஷயமா முடிச்சுக்குங்க மேடம். நாங்க வெளிய சொல்ல மாட்டோம்."

சொல்ல மாட்டார்கள்தான். தேவைப்படுகிற அன்றைக்கு அதையே மிரட்டலாக எடுத்து நீட்டுவார்கள். தலைவிக்கா தெரியாது?

"தம்பியோட விதியை இன்னிக்கு முதல் விஷயமா குழுவில வைக்கிறேன்," என்றார். "புகாரையும் நானே குடுக்கிறேன். எழுதிக்குங்கம்மா."

இன்ஸ்பெக்டரம்மா எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"எடுத்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

தலைவி கதவோரம் நின்ற தம்பியைப் பார்த்தார். "கூடப் பிறந்தவன். நான் தூக்கி வளர்த்தவன். அதையும் சேர்த்தே எழுதுங்க."