திட்டு வாங்கும் நாற்காலி

நான்கு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்தைப் பற்றிக் கொருக்குப்பேட்டை ராக்கெட்ஸ் அணியின் மேலாளர் பேட்டியில் இரண்டே வாக்கியம் சொன்னது. "நான்கு கோல்களும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. நம் கோல் கம்பம் தெற்குப் பார்த்து நிற்பதால், வாஸ்துப்படி இதைத் தவிர்க்க முடியாது."

சொல்லிவிட்டு மைக்குக்கு ஒரு வணக்கம் வேறு போட்டது.

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் தன் கடையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த கோகிலா கத்தியைக் கீழே வைத்தாள். கத்தியோடு பேசினால் ஆபத்து என்று அவளுக்கே தெரியும். "கேட்டீங்களா மஸ்தான் பாய்? வாஸ்துவாம். ஒரு தகர டப்பாவுக்கு இன்னா வாயின்றேன்."

டப்பா என்று அவள் சொன்னது வசவு அல்ல. மேலாளர் உண்மையிலேயே ஓர் இயந்திரம்தான். லீக்கில் எந்த அணிக்கும் இப்போது மனித மேலாளர் கிடையாது, ஆட்டத் திட்டம் வகுக்கும் ஆட்டநெறியான் ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்கள். மற்ற அணிகளின் ஆட்டநெறியான்கள் கண்ணியமான பிறவிகள். கேட்ட கேள்விக்கு அளந்து பதில் சொல்லும். இந்த சீசன் தொடக்கத்தில் ராக்கெட்ஸ் நிர்வாகம் எங்கிருந்தோ பிடித்துவந்த உருப்படி மட்டும் வாயைத் திறந்தாலே வில்லங்கம். மழை பெய்திருந்தால் ஜெயித்திருப்போம் என்றது ஒருமுறை. பந்து இவ்வளவு உருண்டையாக இருப்பது நமக்குப் பாதகம் என்றது இன்னொரு முறை.

இதெல்லாம் மாலை நேரத்துச் சிரிப்போடு போய்விடும் விஷயமாக இருந்தால் பரவாயில்லை. அணி பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், எண்ணூர் அலைகள் அணியுடன். ஜெயித்தால் முதல் டிவிஷனில் தங்கலாம், இல்லையென்றால் இரண்டாம் டிவிஷனுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கோகிலாவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ராக்கெட்ஸின் கோல்கீப்பர் உதயன் அவள் பெற்ற ஒரே பிள்ளை.

போன சீசனில் ஒரு சாதுவான பந்து உதயனின் கால்களுக்கு நடுவில் உருண்டு உள்ளே போனது. பழைய காலமாக இருந்தால் நடுவரைத் திட்டியிருப்பார்கள், தரையைத் திட்டியிருப்பார்கள், காலையில் யார் முகத்தில் விழித்தோமோ என்று நொந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்போது எல்லோர் மணிக்கட்டிலும் பிழைகாட்டி இருக்கிறது. கோல் விழுந்த மறுநொடி, திடலைச் சுற்றி இருக்கும் கேமராக்கள் பார்த்ததைக் கூட்டிக் கழித்து, அந்தக் கோலுக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்று நூற்றுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிடும். அன்று அது 'கோல்கீப்பர் 94' என்று காட்டியது. கேலரி முழுக்க ஒரே நேரத்தில் குனிந்து படித்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்து உதயனைப் பார்த்தது. அப்புறம் பஸ்ஸில், மார்க்கெட்டில், முடிவெட்டும் கடையில் என்று போகிற இடமெல்லாம் அந்த எண்ணைச் சொல்லியே கூப்பிட்டார்கள். பையன் மாதக்கணக்கில் வாசலைத் தாண்டவில்லை. கெஞ்சிக் கூத்தாடித்தான் கோகிலா அவனை மறுபடி மைதானத்துக்கு அனுப்பினாள். "இன்னொரு தபா அதுமாதிரி ஆச்சுன்னா, கிளவுஸைத் தொடவே மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் சொன்னால் செய்துவிடுகிற ஆள். பந்தைத் தவிர அவனுக்கு வேறெதுவும் பிடித்ததும் இல்லை.

அதனால்தான் டப்பாவின் மேல் அவளுக்கு அத்தனை கொலைவெறி. உருப்படியான மேலாளர் இருந்தால் கடைசி ஆட்டத்தில் பையனுக்கு வேலையே வைக்காமல் ஜெயித்துவிடலாமே!

அன்று சாயங்காலம் அத்தோ கடை வாசலில் ரசிகர் மன்றம் கூடியது. மன்றத் தலைவி கோகிலாதான். கழகம் ரசிகர்களுக்குச் சொந்தம், அதனால் மன்றம் கை தூக்கினால் அதுவே சட்டம். டப்பா ஒரு மேதையாக இருக்கலாம், நமக்குத்தான் விளங்கவில்லை என்றார்கள் சிலர். மேதையாக இருந்தால் ஏன் கடைசியில் கிடக்கிறோம் என்றார்கள் மற்றவர்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மஸ்தான் பாய் மட்டும் நிதானமாக, இந்த வருடம் பையன்கள் பயிற்சியில் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்களே, கவனித்தீர்களா என்று கேட்டார். சிரிப்பு மூன்று புள்ளி வாங்கித் தருமா என்று அவரை உட்காரவைத்தாள் கோகிலா. பிறகு டப்பாவின் பரம்பரையை இழுத்து, அதைச் செய்த தொழிற்சாலையை இழுத்து, கால்மணி நேரம் பேசினாள். டப்பாவை அணைத்துவிடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. எல்லாக் கையும் மேலே போனதும் அவளுக்குப் பிரியாணி சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை தீர்மானத்தோடு கழகச் செயலாளர் ஆரோக்கியத்தைப் பார்க்கப் போனாள். ஆரோக்கியம் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினான்.

"யக்கா, அதுக்கு ஃபுட்பாலே தெரியாது."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"அது ஆட்டநெறியானே இல்லக்கா. வசவீர்ப்பான்."

அவன் விளக்கமாகச் சொன்னான். ஆட்டத் திட்டமெல்லாம் பையன்களே பேசி முடிவு செய்துகொள்கிறார்கள். டப்பாவின் வேலை ஒன்றே ஒன்று. ஆட்டத்தால் ஊரில் எவ்வளவு கோபம் கிளம்பும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அவ்வளவையும் தன் பக்கம் இழுக்கிற அளவுக்கு ஒரு மடத்தனத்தை யோசித்து, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பேட்டியில் சொல்வது. கோபத்துக்குப் போக ஓர் இடம் கிடைத்துவிட்டால் ஜனங்கள் மணிக்கட்டைக் குனிந்து பார்ப்பதில்லை.

"உதயன் இந்த சீசன்ல எத்தினி சொத்தை கோல் வுட்டான்? ஒருத்தனாவது அவனைத் திட்டினானாக்கா?"

கோகிலா யோசித்தாள். போன ஆட்டத்தின் மூன்றாவது கோல் உதயனின் கைக்கு வந்து நழுவியதுதான். அவளே பார்த்தாள். பார்த்த கையோடு வாஸ்துவைப் பற்றித் திட்டப் போய்விட்டாள். எது தன் பிள்ளைக்கு முன்னால் மறைத்து நின்றதோ, அதையே அணைக்கச் சொல்லிக் கை தூக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

"வெளிய சொல்லிடாதீங்க. வேணும்னுதான் உளறுதுன்னு தெரிஞ்சா அப்புறம் ஒருத்தனும் அதைத் திட்டமாட்டான்" என்றான் ஆரோக்கியம்.

அன்று மாலை கோகிலா மன்றத்தை மறுபடி கூட்டினாள். டப்பா இருக்கட்டும் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல முடியாது, வேறு காரணமும் கைவசம் இல்லை. வாஸ்துவில் விஷயம் இருக்கிறது என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், கடையே சிரித்தது. நேற்று ஒன்று இன்று ஒன்று பேசுகிறாயா என்று ஆளாளுக்கு எகிறினார்கள். டப்பா அணைந்தே தீர வேண்டும் என்றார்கள். ஆனால் மேலாளர் நாற்காலி காலியாக இருந்தால் எதிரணிக்கு வெற்றி என்பது லீக்கின் விதி.

"டப்பா மேல அவ்ளோ பாசம்னா அது சீட்ல நீயே போய்க் குந்திக்கம்மா" என்றார் மஸ்தான் பாய். கிண்டலாகத்தான் சொன்னார். கைகள் மட்டும் நிஜமாகவே மேலே போயின.

ஞாயிற்றுக்கிழமை கேலரி நிரம்பி வழிந்தது. கோகிலா நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பறக்கும் மைக் ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்று, ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டது. பையன்கள் நன்றாக ஆடுவார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கோல் கம்பத்துக்குக் கீழே உதயன் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். கேலரியிலோ ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மணிக்கட்டைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

கோகிலா தொண்டையைச் செருமினாள்.

"கேலரில கூவுறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஆஃப்சைடுன்னா இன்னான்னே தெரியாது. அவங்க வாயை மூடினு இருந்தாலே நாம ஜெயிச்சிடுவோம். எண்ணூர் ஆளுங்களைப் பாருங்க, எவ்ளோ டீசன்ட்டா குந்தினு இருக்காங்க."

ஒலிபெருக்கியில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. பிறகு கிளம்பிய சத்தத்தில் கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

ஆட்டத்தின் இருபதாவது நிமிடம் அது நடந்தது. எண்ணூர் ஆள் ஒருவன் சும்மா தட்டிவிட்ட பந்து, உதயனின் கால்களுக்கு நடுவில், அதே பழைய பாதையில் உருண்டு உள்ளே போனது. பிழைகாட்டிகள் 'கோல்கீப்பர் 92' என்று துடித்தன. ஒருவரும் குனியவில்லை. மொத்தக் கேலரியும் எழுந்து மேலாளர் நாற்காலியைப் பார்த்துத் திட்டியது. பேமானி என்றார்கள், சோமாறி என்றார்கள், கஸ்மாலம் என்றார்கள். பாதி வசவு அவளே சொல்லிக் கொடுத்தது. அத்தோ கடையில் கடனுக்குச் சாப்பிட்டவனெல்லாம் முன்வரிசையில் நின்று கத்தினான். கோகிலாவுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. இத்தனை நாள் டப்பா இதை எப்படித் தாங்கியது என்று நினைத்தாள். அது தகரம், அதற்கென்ன என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

உதயன் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தான். தலை குனிந்தபடி சிறிது நேரம் காத்திருந்தான். அவன் பேருக்கு ஒரு வசவும் வரவில்லை. மெல்ல நிமிர்ந்து சுற்றிப் பார்த்தான். அவனைப் பார்த்து ஒரு முகம்கூடத் திரும்பியிருக்கவில்லை. பந்தை நடுமைதானத்துக்கு உதைத்துவிட்டு, கையுறையை இறுக்கிக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு ராக்கெட்ஸ் இரண்டு கோல் போட்டது. கடைசி நிமிடத்தில் எண்ணூருக்குக் கிடைத்த பெனால்டியை உதயன் இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். அணி முதல் டிவிஷனில் தங்கிவிட்டது. கேலரி அழுதது, ஆடியது, உதயனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது. இப்படிப்பட்ட மேலாளரை வைத்துக்கொண்டும் ஜெயித்தார்களே பையன்கள் என்று எல்லோரும் ஒருமனதாகப் பேசிக்கொண்டார்கள். ஆரோக்கியம் மட்டும் கோகிலாவின் அருகில் வந்து, டப்பா இருந்தபோதுகூட நாலைந்து பேராவது மணிக்கட்டைப் பார்ப்பார்கள், இன்று அதுவும் இல்லை, அடுத்த வருடமும் நீங்கள்தான் என்று காதில் சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் உதயன் சங்கரா மீன் குழம்பைப் பிசைந்து வாய் நிறையச் சாப்பிட்டான். சாப்பிட்டபடியே பேசினான்.

"அந்த கோல் உன்னாலதாம்மா. மேட்ச்சுக்கு முன்னால யாராவது அப்படிப் பேட்டி குடுப்பாங்களா? கேலரி பூரா கத்தினு இருந்தா நான் எப்படி பாலைப் பாப்பேன்? உனக்கு ஃபுட்பாலைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது."

இரண்டு காலையும் ஒட்டி வைத்து நின்றிருந்தால் பந்து எப்படிடா போகும் என்ற பதில் கோகிலாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தைக்கு ஒன்பது திருப்பிக் கொடுத்தே பழகிய வாய். பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"ஆமாண்டா, என் தப்புதான்."

"அடுத்த சீசன்லயாவது ஒழுங்கா இரு" என்றான் உதயன், முள்ளை ஒதுக்கியபடி.

அடுத்த சீசன்! பையன் வாயிலிருந்து அது தானாக வந்திருந்தது. கோகிலாவுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்துவிட்டு, முதல் பேட்டியில் இதைவிடக் கேவலமாக என்ன பேசலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கினாள்.